நூற்று முப்பதுக்கு மேலே

ஜனவரி 12, திங்கள்

கடைசியில் ஊசிக்கு வந்துவிட்டேன். இரண்டு வேளை மாத்திரை போட்டும் வெறும் வயிற்றில் சர்க்கரை 212 காட்டினால் டாக்டர்தான் என்ன செய்வார், பாவம். "பயப்படாதீங்க ஜெசிந்தாம்மா, ராத்திரிக்கு ஒரே ஒரு ஊசி. இருபத்து நாலு மணி நேரமும் நின்னு வேலை செய்யும்" என்றார். பத்து யூனிட்டில் ஆரம்பம். மூன்று நாளைக்கு ஒருமுறை காலை நம்பரைப் பார்த்து, 130-க்கு மேலே இருந்தால் இரண்டு யூனிட் கூட்டிக்கொள்ள வேண்டும். நாலு வாரம் கழித்துக் கட்டாயம் வரச் சொன்னார். எடை 56 கிலோ.

வீடியோ காலில் கிளமென்ட் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். கனடாவில், வின்னிபெக்கில் உட்கார்ந்துகொண்டு திருச்சி டாக்டரை என் மகன் கேட்ட கேள்வி இருக்கிறதே, அவருக்கே வேர்த்துவிட்டது. பிறகு என்னிடம், "அம்மா, தினம் காலையில சுகர் மீட்டரை போட்டோ எடுத்து அனுப்பு. எப்போ கூட்டணும்னு நான் சொல்றேன். நீ ஒண்ணும் யோசிக்க வேணாம்" என்றான்.

யோசிக்கத் தெரியாதவளா நான்? முப்பது வருஷத்துக்கு மேல் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். டிரங்க் கால் போர்டில் உட்கார்ந்து, யார் எந்த ஊருக்கு எத்தனை நிமிஷம் பேசினார்கள் என்று டிக்கெட்டில் எழுதி எழுதியே கை பழகியவள். அந்தப் பழக்கம் போகுமா? இந்த டைரியிலும் பக்கத்தின் தலையில் மூன்றை எழுதி வைக்கப் போகிறேன். காலை நம்பர், இரவு ஊசி, கிளமென்ட் பேசிய நிமிஷம்.

ஜனவரி 16, வெள்ளி
நம்பர் 187. ஊசி 12. போன் 17 நிமிஷம்.

நேற்று பொங்கல். எதிர் ஃப்ளாட் ஹபீபாவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன், நானும் இரண்டு கரண்டி சாப்பிட்டேன். கிளமென்ட் பிடித்துக்கொண்டான். "எவ்ளோ சாப்பிட்ட? நெய் எவ்ளோ? எத்தனை மணிக்கு?" போலீஸ் தோற்றுப்போகும். அவனுக்கு அங்கே இரவு ஏழரை. எனக்குக் காலை ஏழு. அவன் ஏசுவதைக் கேட்டுக்கொண்டே காபி குடித்தேன். நன்றாக இருந்தது.

ஜனவரி 25, ஞாயிறு
நம்பர் 149. ஊசி 18. போன் 9 நிமிஷம்.

பூசைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் சவரி இறந்து பதினான்கு மாதம் ஆகிறது, இன்னும் பெஞ்சில் அவருக்கு இடம் விட்டு உட்காருகிறேன். பக்கத்தில் வந்த ஒரு குண்டம்மா "கொஞ்சம் நகருங்க" என்றாள். நகர்ந்தேன்.

ஜனவரி 31, சனி
நம்பர் 121. ஊசி 20. போன் 1 நிமிஷம்.

"சூப்பர்மா! அப்படியே மெயின்டெய்ன் பண்ணு. வச்சிடறேன்." அவ்வளவுதான். காபி பாதி டம்ளர் மீதி இருந்தது.

பிப்ரவரி 1, ஞாயிறு
நம்பர் 118. ஊசி 20. போன் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல்.

பிப்ரவரி 2, திங்கள்
122. 20. கட்டைவிரல்.

பிப்ரவரி 3, செவ்வாய்
119. 20. கட்டைவிரல். நான் பெற்றது மூன்றரைக் கிலோ பிள்ளை. கட்டைவிரலை மட்டும் பெறவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்
நம்பர் 174. ஊசி 22. போன் 24 நிமிஷம்.

ஹபீபா பேத்திக்கு நேற்று பிறந்தநாள். இரவு பத்து மணிக்குக் கேக் வெட்டினால் என்ன செய்வது? இரண்டு துண்டு. காலையில் போட்டோ போய்ச் சேர்ந்த அரை நிமிஷத்தில் போன் அடித்தது. "என்னம்மா இது, ஏன் இப்படி ஏறுச்சு?" என்று தொடங்கியவன், பேச்சுவாக்கில் அவனுடைய ஒன்பதாவது பிறந்தநாளுக்குப் போய்விட்டான். அப்பா கேக்கை ஸ்கூட்டரில் கொண்டுவரும்போது சறுக்கி விழுந்து, சட்டையெல்லாம் க்ரீமோடு வந்து நின்ற கதை. இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்ல நாள்.

பிப்ரவரி 9, திங்கள்
நம்பர் 163. ஊசி 24. போன் 19 நிமிஷம்.

டாக்டர் வரச் சொன்ன நாள் இன்று. போகவில்லை. "நம்பரைத்தான் நான் பாத்துட்டு இருக்கேனே. இப்போ ஏறிக் கெடக்கு, கொஞ்சம் செட்டில் ஆகட்டும், அப்புறம் போலாம்" என்றான் கிளமென்ட். எனக்கும் அந்தக் கூட்டத்தில் டோக்கனைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார இடுப்பு இல்லை.

இரவில் பசி எடுக்கிறது. எடுத்தால் சாப்பிடத்தானே வேண்டும். நாலு துண்டு ரொட்டி, ஜாம், ஒரு வாழைப்பழம். இது ஒரு பெரிய விஷயமா? கிளமென்ட் "டின்னர் என்ன?" என்று கேட்டால் "ரெண்டு சப்பாத்தி" என்கிறேன். டின்னர் இரண்டு சப்பாத்திதான். அதற்குப் பிறகு சாப்பிட்டதை அவன் கேட்கவில்லை. நம்பரில் நான் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.

பிப்ரவரி 18, புதன்
நம்பர் 158. ஊசி 30. போன் 22 நிமிஷம்.

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு திரும்பும்போது லிஃப்டில் கண்ணாடியைப் பார்த்தேன். முகம் உப்பியிருக்கிறது.

இன்று ஒருசந்தி. ஒரே வேளைச் சாப்பாடு, மதியம் மட்டும். ஒன்பதரைக்கு ஊசி போட்டதும் ஒருசந்தி முடிந்ததாக வைத்துக்கொண்டு ரொட்டி சாப்பிட்டேன். அறுபத்து மூன்று வயதுக்காரிக்குத் திருச்சபையே விலக்கு கொடுத்திருக்கிறது, ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சவரி இருந்தால் கோபித்திருப்பார். தவக்காலத்தில் அவர் எச்சில் விழுங்கவே யோசிப்பார்.

பிப்ரவரி 20, வெள்ளி
நம்பர் 155. ஊசி 32. போன் 16 நிமிஷம்.

ஹபீபா வீட்டிலும் நோன்பு தொடங்கிவிட்டது. சாயங்காலம் ஒரு தூக்கில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்தாள். அவள் வீட்டுக்காரர் காதர் பாயும் ஊசிக்காரர்தான். அவருடைய டாக்டர் நோன்புக்கு முன்பே அவரை வரவழைத்து ஊசியைக் குறைத்து எழுதிக் கொடுத்தாராம். "நீங்களும் ஒருசந்தி இருந்தா டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்கக்கா. சாப்பாடு இல்லாம ஊசி மட்டும் போட்டா ஆளைச் சாச்சுப்புடும்னாரு" என்றாள்.

அவருக்கு முப்பது நாள் பகல் முழுக்கப் பட்டினி. எனக்கு வருஷத்தில் இரண்டு நாள். இதற்கு ஒரு டாக்டரா? சரி சரி என்று தலையை ஆட்டி வைத்தேன். கஞ்சி மணமாக இருந்தது.

மார்ச் 2, திங்கள்
நம்பர் 166. ஊசி 36. போன் 21 நிமிஷம்.

விடியற்காலை நாலு மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. நைட்டி பிழிந்தால் தண்ணீர் சொட்டும், அப்படி ஒரு வேர்வை. நெஞ்சு படபட என்று அடிக்கிறது. கை நடுங்குகிறது. சவரியைக் கூப்பிட்டேன். அவர் இல்லை என்பது ஞாபகம் வர எத்தனை நேரம் ஆனது என்று தெரியவில்லை. பிறகு ஓவென்று அழுதேன். தனிமை ஆளை இப்படி வேர்க்க வைக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

எழுந்து பால் காய்ச்சினேன். சர்க்கரை போட்டுத்தான், இரண்டு ஸ்பூன், டைரியில் எதற்குப் பொய். குடித்த பத்தாவது நிமிஷம் மனசு லேசாகிவிட்டது. சூடான பாலில் என்னவோ இருக்கிறது.

மார்ச் 6, வெள்ளி
நம்பர் 151. ஊசி 38. போன் 18 நிமிஷம்.

நாலு மணி. மறுபடியும். பால்.

மார்ச் 9, திங்கள்
நம்பர் 147. ஊசி 38. போன் 13 நிமிஷம்.

இன்று நடந்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது. கரண்ட் ஆபீசில் வரிசை நீண்டுவிட்டது. வீட்டுக்கு வரும்போது இரண்டரை, சாப்பிடவில்லை. அடுப்பில் பாலை வைத்தேன். அதற்குப் பிறகு சோபாவில் உட்கார்ந்திருந்தது தெரியும். பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகி, வீடு முழுக்கப் புகை. ஹபீபா மாற்றுச்சாவி போட்டு உள்ளே ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். நான் அவளைப் பார்த்து, "யாரைக் கேட்டு உள்ள வந்த? எம்புருஷன் வரட்டும், சொல்றேன்!" என்று கத்தினேனாம். எனக்கு அது சுத்தமாக நினைவில்லை.

அவள் சோறு பிசைந்து கொடுத்தாள். அவளுக்கு நோன்பு, தண்ணீர்கூடக் குடிக்காமல் எனக்கு ஊட்டிவிட்டாள். சாப்பிட்டதும் சரியாகிவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா" என்றாள். ஆனால் அவள் கண் என்மேல் ஒருமாதிரியாக நின்றது.

மார்ச் 11, புதன்
நம்பர் 152. ஊசி 40. போன் 38 நிமிஷம்.

முப்பத்தெட்டு நிமிஷம். ஒரு நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை.

ஹபீபா கிளமென்டிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் போன் நம்பரை அவளுக்குக் கொடுத்து வைத்ததே நான்தான், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "அம்மா, கோவப்படாமக் கேளு. மறதி, அழுகை, இல்லாத ஆளைக் கூப்பிடறது... இதெல்லாம் என்னன்னு நெட்ல படிச்சேன். உன்னைத் தனியா விடறது எனக்கு பயமா இருக்கு. கோயம்புத்தூர்கிட்ட ஒரு ஹோம் பாத்து வச்சிருக்கேன். நர்ஸ் இருக்காங்க, சர்ச் இருக்கு. ஏப்ரல்ல வரேன். வந்து சேத்துட்டு, ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டுடலாம்" என்றான்.

என் வீடு. சவரி கடைசியாக மூச்சு விட்ட கட்டில் இருக்கிற வீடு. என்னால் தனியாக இருக்க முடியும் என்றேன். "அப்போ நம்பரையாவது ஒழுங்கா வச்சுக் காட்டும்மா" என்றான். அவன் குரல் உடைந்தது. நான் போனைச் சோபாவில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் புத்தி பேதலிக்கிறதா? அம்மாவின் தங்கைக்கு அப்படித்தான் ஆனது. கடைசியில் சேலையை அவிழ்த்துப்போட்டுத் தெருவில் நின்றாள். சேசுவே, எனக்கு அது வேண்டாம்.

மார்ச் 17, செவ்வாய்
நம்பர் 138. ஊசி 40. போன் 2 நிமிஷம்.

நேற்று படுக்கும்போது மீட்டரில் பேட்டரி மாற்றினேன். வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சொட்டு வைத்தேன். 271! சாப்பிட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை, இருக்கட்டும். காலையில் பார்த்தால் 138. ஒரே ராத்திரியில் அவ்வளவையும் அடித்து இறக்கிவிட்டதே, சரியான வேலைக்காரன் இந்த ஊசி. கிளமென்டுக்குக் காலை நம்பரை மட்டும் அனுப்பினேன். "பரவால்லயே" என்றான்.

கோயில் பங்கு மன்றத்தில் மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். எடை 61. இரண்டே மாதத்தில் ஐந்து கிலோ. கவலையில் இளைப்பார்கள் என்பார்கள், எனக்கு மட்டும் எல்லாம் தலைகீழ்.

மார்ச் 21, சனி
நம்பர் 144. ஊசி 42. போன் 8 நிமிஷம்.

ரம்ஜான். தவக்காலத்தில் நான் கறி தொடுவதில்லை என்று ஹபீபா எனக்காகத் தனியாகக் காய்கறி பிரியாணி செய்து அனுப்பியிருக்கிறாள். அவள்மேல் இருந்த கோபம் போய்விட்டது. போகவில்லை என்றாலும் சாப்பிட்டிருப்பேன்.

மார்ச் 29, ஞாயிறு
நம்பர் 150. ஊசி 44. போன் 11 நிமிஷம்.

குருத்து ஞாயிறு. கிளமென்ட் டிக்கெட் போட்டுவிட்டான். ஏப்ரல் இருபதாம் தேதி வருகிறான். ஹோமில் பெயர் பதிந்தாயிற்றாம். என் பெயரை நான் இல்லாமலே பதிகிறார்கள்.

இந்த வாரம் நாலு மணிப் பால் மூன்று நாள்.

ஏப்ரல் 2, வியாழன்
நம்பர் 148. ஊசி 44. போன் 6 நிமிஷம்.

பெரிய வியாழன். பாதம் கழுவும் சடங்கில் கால் வலிக்க நின்றேன்.

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நாளைக்குப் பெரிய வெள்ளி, சவரி பிடிப்பதுபோல ஒருசந்தி பிடிக்கப் போகிறேன். மதியம் ஒரு வேளை கஞ்சி, அதோடு சரி. இரவு ரொட்டி கிடையாது, பழம் கிடையாது, பால் கிடையாது. அவர் ஆத்துமத்துக்கு ஆயிற்று. சனிக்கிழமை காலையில் நம்பரும் 130-க்குக் கீழே வந்து நிற்கும். கிளமென்ட் பார்க்கட்டும். தன்னைக் கட்டி ஆளத் தெரிந்தவளை எந்த ஹோமில் கொண்டுபோய்ச் சேர்ப்பான் அவன்?

ஏப்ரல் 3, வெள்ளி
நம்பர் 141. ஊசி 44. போன் 4 நிமிஷம்.

மூன்று மணிக்குச் சிலுவைப் பாதை, நல்ல வெயில். இரவு ஒன்றும் சாப்பிடவில்லை. வயிறு கூப்பாடு போடுகிறது, போடட்டும். நாளைக்குக் காலையில் தெரியும் நான் யார் என்று.

ஏப்ரல் 6, திங்கள்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாக்கில் தையல். நானே கடித்துக்கொண்டேனாம்.

சனிக்கிழமை எனக்கு ஒன்றும் தெரியாது. மற்றவர்கள் சொன்னதை எழுதுகிறேன். காலை ஏழு மணிக்குப் போட்டோ போகவில்லை. ஏழரைக்குக் கிளமென்ட் கூப்பிட்டிருக்கிறான், எட்டுக்குள் பதினோரு தடவை. பிறகு ஹபீபாவுக்கு அடித்திருக்கிறான். அவள் கதவைத் திறந்தபோது நான் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் தரையில் கிடந்தேன். இழுப்பு வந்து நின்றிருந்தது. காதர் பாய் தன் மீட்டரை எடுத்துவந்து குத்திப் பார்த்தார். 31.

"வாயில ஒண்ணும் ஊத்தாதே, பொறையேறிப்புடும்" என்று அவர்தான் தடுத்தாராம். ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் ஹபீபா என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, என் தலையை மடியில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கண் திறந்து நான் முதலில் சொன்ன வார்த்தை "நம்பர் எத்தனை?" என்று ஹபீபா சொல்கிறாள். சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

ஈஸ்டர் நேற்று முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இட்லி கொடுத்தார்கள்.

ஏப்ரல் 7, செவ்வாய்
நம்பர் 131. ஊசி 22.

ஊசியைப் பாதியாக்கிவிட்டார்கள். நேற்றிரவு படுக்கும்போது 148. காலையில் 131.

சர்க்கரைப் பிரிவில் தமயந்தி என்று ஒரு நர்ஸ். முப்பத்தைந்து வயதிருக்கும், மூக்குக்கண்ணாடி, அவசரமே இல்லாத பேச்சு. ஹபீபா சுகர் நோட்டு என்று நினைத்து இந்த டைரியைப் பையில் போட்டு அனுப்பியிருந்தாள். "பாக்கலாமாம்மா?" என்று கேட்டாள் தமயந்தி. தலையில் இருக்கிற நம்பரை மட்டும் பார் என்றேன். அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். மார்ச் பதினேழில் நின்றுவிட்டாள். அந்தப் பக்கத்தைப் படித்துக்கொள் என்று நானே சொன்னேன்.

"படுக்கும்போது 271, எந்திரிக்கும்போது 138. இதைப் பாத்து நீங்க சந்தோசப்பட்டிருக்கீங்க!"

"எறங்கினா நல்லதுதானே?"

"இல்லம்மா. இந்த ராத்திரி ஊசியோட வேலை எறக்கறதில்ல. ராத்திரி பூரா உங்களை ஏறக்கொறைய ஒரே மட்டத்துல வச்சிருக்கறது. நூத்தம்பதுல படுத்தா அதுக்குக் கிட்டத்துலயே எந்திரிக்கணும். அம்பதுக்கு மேல எறங்கினாலே ஊசி ஜாஸ்தின்னு நாங்க சந்தேகப்படுவோம். உங்களுக்கு நூத்தி முப்பத்து மூணு எறங்கியிருக்கு. சாப்பாட்டுச் சர்க்கரையை இழுக்க வேற ஊசி, வேற மருந்து இருக்கு. இதைப் போய் அந்த வேலைக்கு இழுத்திருக்கீங்க. அதுக்குச் சாப்பாடு கெடைச்ச ராத்திரி தப்பிச்சீங்க. கெடைக்காத ராத்திரி விழுந்துட்டீங்க."

என் எடையைக் கேட்டாள். அறுபத்தொன்று. அதில் பாதி, முப்பது யூனிட்டைத் தாண்டும்போதே நின்று யோசித்திருக்க வேண்டுமாம். நாலு வாரத்தில் வரச் சொன்னது அதற்காகத்தானாம். எடை ஏறியதும் அதனால்தானாம், ஊசிக்குத் தீனி போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"விடியக்காலை வேர்வை, படபடப்பு, அழுகை எல்லாம் எத்தனை நாளா?"

அது தனிமை என்றேன். வீட்டுக்காரர் போனதிலிருந்து என்றேன்.

"தனிமையா இருந்தா பாலும் சர்க்கரையும் குடிச்சுப் பத்து நிமிஷத்துல போகாதும்மா" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. மார்ச் மாதம் முழுக்கச் சவரிக்காக அழுதேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி அழுகை ஊசியுடையதா? அப்படியென்றால் என் புத்தி பேதலிக்கவில்லை. அதைக் கேட்டேன், வாய்விட்டே கேட்டேன். "கருகின பால், கத்தினது, எல்லாமே சர்க்கரை எறங்கினதுல வந்ததுதான். மூளைக்கும் சர்க்கரை வேணும்மா. இனிமே வருதான்னு பாப்போம், வராது" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு அவள் மறுபடி பக்கங்களைப் புரட்டினாள். விரல் மூன்றாவது எண்ணில் நின்றது. "இது என்னம்மா? பதினேழு, ஒண்ணு, இருபத்து நாலு..."

"போன். எம்மகன் பேசற நிமிஷம்."

அவள் ஜனவரி முப்பத்தொன்றுக்குப் போனாள். பிப்ரவரி ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்து. அதற்குப் பிறகு எல்லாவற்றையும். டைரியை மூடி என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, போர்வையை இழுத்துவிட்டுப் போனாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அறுபத்து மூன்று வயதில் இப்படி ஒரு அசிங்கம்.

ஏப்ரல் 8, புதன்
நம்பர் 127. ஊசி 22.

கிளமென்ட் டிக்கெட்டை மாற்றி, இந்த ஞாயிறே புறப்படுகிறானாம். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஹோம், வீட்டுக்குப் போகவே வேண்டாம் என்கிறான். டாக்டர் ஊசி அதிகமானதை எல்லாம் விளக்கியிருக்கிறார். அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

"தினம் 150, 160 இருந்துச்சும்மா. எங்கிட்ட எல்லா போட்டோவும் இருக்கு. ஏறிக் கெடந்ததாலதானே கூட்டினேன்? ஊசி ஜாஸ்தின்னா காலையில நம்பர் கொறஞ்சிருக்கணுமே. டாக்டர் சொல்றது கணக்கு ஒத்துவரல. வேற ஏதோ இருக்கு. உன் மூளையை ஸ்கேன் பண்ணச் சொல்லப்போறேன்."

கணக்கு ஒத்துவராததற்குக் காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் வீடு போகும். கட்டிலில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ராத்திரி ஊசி போட்டப்புறம் சாப்பிட்டேன்டா. ரொட்டி, ஜாம், பழம். தினமும்."

"பசிக்காகவா? ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"மொதல்ல பசியெல்லாம் இல்ல." செருப்பைக் காலால் ஓரமாகத் தள்ளினேன். "நம்பர் கீழ வந்தா நீ கட்டைவிரல் அனுப்பிட்டுப் போயிடற. நூத்தி முப்பதுக்கு மேல போனா கூப்பிடற."

லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறுபடவில்லை. அவன் மூச்சு கேட்டது.

"நீ கூப்பிடணும்னுதான் தின்னேன்" என்றேன். "போதுமா? இதுல ஸ்கேன் பண்ண ஒண்ணும் இல்ல. புத்தி தெளிவாத்தான் இருந்துச்சு, புத்தி கெட்டுத்தான் போச்சு."

அவன் அழுதான். என் மகன் அழுது நான் கேட்டு இருபது வருஷம் இருக்கும். அப்பா அடக்கத்தில்கூட அவன் அழவில்லை, வந்தவர்களுக்குக் காபி வாங்க ஓடிக்கொண்டிருந்தான்.

"நான்தாம்மா ஏத்தி ஏத்தி விட்டேன். உன்னைக் கொன்னிருப்பேன்" என்றான்.

"வாயைக் கழுவு" என்றேன்.

"அப்பா இருந்தப்போ அவர்தான் பேசுவாரு, நீ பக்கத்துல இருப்ப. அவரு போனப்புறம் உங்கிட்ட என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியலம்மா. நம்பர் இருந்தா பேசறதுக்கு ஒண்ணு இருந்துச்சு."

எனக்கும் தெரியவில்லை என்று சொன்னேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு
நம்பர் 124. படுக்கும்போது 139. ஊசி 20.

வீட்டுக்கு வந்து நாலு நாள். இப்போது தினம் இரண்டு நம்பர், படுக்கும்போது ஒன்று, எழும்போது ஒன்று. அடுத்த செவ்வாய் டாக்டரிடம் போகிறேன், ஹபீபா கூட வருகிறாள். ஹோம்காரர்களுக்கு வேண்டாம் என்று கிளமென்ட் எழுதிவிட்டான். அவசரமாகப் புறப்படவும் இல்லை. இருபதாம் தேதியே வருகிறான், சும்மா, என்னோடு இருக்க.

நாலு மணி வேர்வை வரவில்லை. படபடப்பு இல்லை. ஆனாலும் இன்று நாலு மணிக்கு விழிப்பு வந்தது. மீட்டரில் 128. உடம்பில் ஒன்றும் இல்லை. சவரியின் பக்கம் காலியாக இருந்தது. இது மட்டும்தான் என்னுடைய தனிமை போலிருக்கிறது. பால் குடித்தால் போகாது. படுத்தே கிடந்தேன், விடிந்தது.

ஏழு மணிக்கு நானே அவனைக் கூப்பிட்டேன். மூன்று மாதத்தில் முதல் தடவை.

"124-ஆ? சூப்பர்மா" என்றான். அவன் வைத்துவிடுவான் என்று நினைத்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளில் நான் என்ன தின்றேன் என்று அவன் கேட்காத நாளில்லை. அவன் என்ன சாப்பிட்டான் என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட நான் கேட்கவில்லை.

"நீ என்னடா சாப்பிட்ட?"

"ம்?"

"ராத்திரிச் சாப்பாடு. கோடைக்குக் கடிகாரத்தை மாத்தினதுல அங்க மணி எட்டரை ஆச்சே."

"பிரெட்தாம்மா."

"நேத்து?"

"நேத்தும் பிரெட்தான்."

"வீட்டுல வேற யாரும் இல்லையா? கூடத் தங்கியிருந்த அந்தப் பையன்?"

"அவன் போய் ஆறு மாசம் ஆச்சும்மா."

ஆறு மாதம். தினமும் பேசியிருக்கிறோம்.

"எங்க வச்சு சாப்பிடற?"

"கிச்சன்லதான். நின்னுக்கிட்டே."

"தட்டுல போட்டு உக்காந்து சாப்பிடு. நான் லைன்லதான் இருக்கேன்" என்றேன்.

அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. தட்டு வைக்கிற சத்தம். பிறகு, அவ்வளவு தூரத்தில், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.